துறை கட்டக் காசு உண்டு, தூர்வார?

மணப்பாடு திருச்சிலுவைக் கோயில் நிற்கிற மணற்குன்றில் விடிகாலையில் ஏறி நின்றால், கீழே பொழி முழுசாகக் கண்ணில் விழும். கருமேனியாறு கடலில் சேரும் இடம். சேரும் என்பது வாய்வழக்கம்தான். மழைக்காலம் தவிர்த்த நாளெல்லாம் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு படுத்துக் கிடக்கும். இரவெல்லாம் வலை போட்டுவிட்டு வருகிற ஃபைபர் படகு ஒன்று அந்தத் திட்டை நெருங்குகிறது. பின்னால் இருப்பவர் எஞ்சினின் வாலைச் சட்டென்று தூக்கிவிடுகிறார். விசிறி மணலில் இடித்தால் அன்றைய பிடிப்பு முழுவதும் பட்டறைக்குத்தான் போகும். முன்னால் இருந்த இரண்டு பேர் குதிக்கிறார்கள். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேல். "தள்ளுல, தள்ளு" என்கிற சத்தம் குன்றின் மேல்வரை கேட்கிறது. பின்னாலிருந்து ஓர் அலை வந்து படகின் பக்கவாட்டில் அறைய, படகு ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்கிறது. வலைக்கு அடியில் ஐஸ் பெட்டி நகர்கிற சத்தம். அடுத்த அலை கொஞ்சம் பெரிதாக வந்து படகைத் தூக்கிக் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். சின்னதாக வந்தால் மறுபடி தள்ள வேண்டியதுதான்.

ஆழ்கடலில் பத்துக் கடல் மைல் போய்த் திரும்பிய ஆட்கள், வீட்டு வாசலுக்கு ஐம்பது அடி தூரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தத் திட்டை வெட்டி எடுக்க ஒரு பொக்லைன் போதும், சில நாள் வேலை. ஆனால் வெட்டிய வழி அடுத்த காற்றுக்காலத்தில் மறுபடி மூடும். மறுபடி வெட்ட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வெட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு வருஷமும் யார் பணம் கொடுப்பது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

இதே கரையில், மணப்பாட்டுக்கு வடக்கே கல்லாமொழியில், கடலுக்குள் ஏழெட்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தூண்கள் மேல் ஒரு பாலம் போகிறது. உடன்குடி அனல்மின் நிலையத்தின் நிலக்கரி இறங்குதளம். 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகு கொண்ட நிலையத்துக்குக் கப்பலில் வரும் கரியை இறக்கி, பட்டையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவதற்கான ஏற்பாடு. இறங்குதளத்துக்கு மட்டும் சுமார் 1,900 கோடி ரூபாய் ஒப்பந்தம். தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் சிறுதுறைமுகப் பட்டியலில் உடன்குடியின் பெயரும் இருக்கிறது, மணப்பாடு, புன்னைக்காயல் பெயர்களும் இருக்கின்றன. பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகள். பணத்தில் ஒன்றுக்கொன்று கடல் தூரம்.

கரி இறங்குதளத்துக்குப் பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. தூணில் துரு ஏறினால் பூச்சு, பட்டை கிழிந்தால் புதுப் பட்டை, விளக்கு அணைந்தால் புது விளக்கு. மின்சாரத்தின் விலையை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும்போது நிலையத்தின் முதலீட்டுச் செலவோடு பராமரிப்புச் செலவும் கணக்கில் சேரும். அதாவது கோயம்புத்தூரில் ஒருவர் மோட்டார் போட்டாலும், மதுரையில் ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினாலும், ஒரு துளிக் காசு கல்லாமொழித் தூணைத் துரு ஏறாமல் காக்கப் போகும். நல்ல ஏற்பாடு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு துறையைக் கட்டும்போதே அதன் ஆயுள் முழுவதற்கும் பணம் வரும் வாய்க்காலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மணப்பாட்டுப் பொழிக்கு அப்படி ஒரு வாய்க்கால் இல்லை.

மணல் எழுதிய சரித்திரம்

பழைய நெல்லைச் சீமையின் துறைமுகச் சரித்திரத்தை ராஜாக்கள் எழுதியதைவிட மணல் எழுதியது அதிகம். கொற்கையில் இன்று இறங்கினால் வாழைத்தோட்டமும் நெல்வயலும் குளமும் இருக்கும். குளக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வன்னிமரம், இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரார் சொல்வார்கள். கடல் அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. ஆனால் கிரேக்க மாலுமிக் குறிப்புகள் முத்துக்குளிக்கும் கொல்கோய் என்று எழுதியது இந்த ஊரைத்தான். தாமிரபரணி பொதிகையிலிருந்து அள்ளி வந்த வண்டல் கொட்டக் கொட்ட, கடல் பின்வாங்கியது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டே போனது. கொற்கைக்குப் பிறகு காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது அரேபியக் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்த காயல் அதுதான், இன்றைய பழையகாயல். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், போர்த்துகீசியர் காலத்துத் துறை. கடைசியில் ஆற்று வண்டல் எட்டாத தூத்துக்குடி.

இடையன்குடியில் இருந்த கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் இந்த இடமாற்றத்தை விவரமாக எழுதியிருக்கிறார். இடையன்குடி உடன்குடிக்குத் தெற்கே, அதே தேரிமண் சீமையில். காற்றடித்தால் வீட்டுக்குள் செம்மண் வரும் ஊரில் இருந்தவருக்கு மணல் என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

கொற்கையைப் பணம் போட்டுக் காப்பாற்றியிருக்க முடியும் என்று நான் சொல்லவரவில்லை. ஓர் ஆற்றின் கழிமுகத்தோடு எந்த ராஜாவும் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் அன்றைக்கு ஒரு வசதி இருந்தது. துறை தூர்ந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த முகத்துவாரத்துக்குப் போகலாம். ஓலைக்கூரையும் வள்ளமும் எங்கும் போகும். இன்றைக்கு மணப்பாட்டுக்காரர் எங்கே போவார்? கான்கிரீட் வீடு, பட்டா, ரேஷன் கார்டு, ஐஸ் கம்பெனி, பள்ளிக்கூடம், 1581இல் எழுந்த கோயில், பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை என்று ஊர் வேர்விட்டு நிற்கிறது. குலசேகரன்பட்டின வட்டாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். வடக்கே கரி இறங்குதளம். தெற்கே அடுத்த கரையூர், அவர்களுக்கும் இதே மணல். நகர இடமில்லாத ஊருக்கு மராமத்து ஒன்றுதான் வழி.

பழைய துறையான குலசேகரன்பட்டினத்தின் கதை வேறு மாதிரியானது. அது தூர்ந்து போகவில்லை, சரக்கு வற்றிப் போனது. உடன்குடி வட்டாரத்துப் பனை அதன் உயிர். இன்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கிற உடன்குடிக் கருப்பட்டியை அன்று சர்க்கரையாக்க ஆலை இருந்தது. ஆலைக்குக் கருப்பட்டி கொண்டுவர, முதல் உலகப்போர்க் காலத்தில், திசையன்விளையிலிருந்து உடன்குடி, குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயிலே ஓடியது. கம்பெனி ரயில். 1940இல் நின்றது. நின்ற காரணத்தைப் பெரிதாக ஆராய வேண்டியதில்லை. ரயிலின் பராமரிப்பு, ஆலையின் லாபத்தைத் தவிர வேறு எதையும் நம்பியிருக்கவில்லை. கருப்பட்டிச் சர்க்கரையில் லாபம் குறைந்ததும் தண்டவாளத்துக்குச் சோறு போட ஆள் இல்லை. இன்று உடன்குடியில் சின்னப் பிள்ளைகளிடம் இங்கே ரயில் ஓடியது என்றால் கதை விடுவதாக நினைப்பார்கள்.

தூத்துக்குடி கற்றுத்தரும் கணக்கு

தூத்துக்குடியில் வெகுகாலம் கப்பல் கரைக்கு வந்ததே கிடையாது. கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிடும், தோணிகள்தான் பருத்தியையும் சென்னா இலையையும் ஆட்களையும் ஏற்றி இறக்கும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலுக்கும் அதே தோணிதான். 1964 நவம்பர் 5இல் புதுத் துறைமுக வேலையை லால் பகதூர் சாஸ்திரி தொடங்கி வைத்தார். 1974 ஜூலை 11இல் அது பெருந்துறைமுகமானது. வடக்குப் பக்கம் நான்கு கிலோமீட்டருக்கு மேல், தெற்குப் பக்கம் நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினார்கள். அந்தக் கல்லைக் கடல் தினமும் தின்னும். தினமும் போட வேண்டும்.

அந்தப் பணம் கப்பலிடமிருந்து வருகிறது. உள்ளே வந்தால் துறைமுகத் தீர்வை, வழிகாட்டிக்குத் தனி, அணையும் தளத்தில் நின்றால் மணிக்கணக்கில் வாடகை, சரக்குக்கு டன் கணக்கில் கட்டணம். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் 1908ஆம் வருஷத்து இந்தியத் துறைமுகச் சட்டத்தில் ஓர் எளிய யோசனை இருந்தது. ஒரு துறைமுகத்தில் வசூலாகும் தீர்வையைத் துறைமுக நிதி என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும், அந்தத் துறைமுகத்துக்கே செலவிட வேண்டும். பல துறைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ளவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. பழைய சட்டத்தில் காலாவதியான பிரிவுகள் எத்தனையோ. இந்த ஒன்று மட்டும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். துறையில் விழும் காசு துறையிலேயே கிடக்க வேண்டும்.

மீன்பிடித் துறைமுகங்களும் இறங்குதளங்களும் இந்த வளையத்துக்கு வெளியே வளர்ந்தவை. அவற்றுக்குப் பணம் திட்டமாக வரும். 2018-19இல் தொடங்கிய மீன்வளக் கட்டமைப்பு நிதி 7,522 கோடி ரூபாய், வட்டிச் சலுகையோடு கடன். 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா 20,050 கோடி, மத்திய, மாநிலப் பங்கோடு. நபார்டு வங்கிக் கடன் தனி. இவையெல்லாம் வந்ததால்தான் கரையோரத்தில் ஏலக்கூடமும் வலைப் பின்னும் கூடமும் படகு அணையும் தளமும் எழுந்தன. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் திட்டம் என்பது கல்யாணம் மாதிரி. பந்தல் போட, மேளம் வைக்கப் பணம் வரும். அதற்குப் பிறகு குடும்பம் நடத்துகிற செலவுக்குத் திட்டத்தில் தலைப்பு இருக்காது. படகுக் கட்டணம், ஏலக்கூடக் குத்தகை, கடை வாடகை என்று சில்லறையாக ஏதோ சேரும். விளக்குக்கும் துப்புரவுக்கும் அது சரியாகப் போகும். தூர்வாரும் செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே முகத்துவாரம் அடைபட்டால் பராமரிப்பு நடக்காது. கோரிக்கை நடக்கும், மறியல் நடக்கும், சட்டமன்றத்தில் அறிவிப்பு வரும், புதுத் திட்டம் தயாராகும். ஒரு வருஷத்து மணலை அள்ளப் பணம் இல்லாத இடத்தில், பத்து வருஷத்து மணலுக்குப் பிறகு கோடிக்கணக்கில் ஒரு புதுக் கல்வேலை வந்து சேரும்.

திருச்செந்தூர் அமலிநகர் இதைப் பார்த்திருக்கிறது. கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று வெகுநாள் கேட்டார்கள். 58 கோடி ரூபாயில் அமைப்பதாக அறிவிப்பு வந்தது. வேலை தொடங்கவில்லை என்று 2023இல் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டுப் போராடினார்கள். தூண்டில் வளைவுகளைப் பற்றிய வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. கரை முழுவதையும் ஒன்றாகப் பார்க்காமல் ஊருக்கு ஒரு வளைவு போடலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

கேள்வி நியாயமானது. மணல் ஓரிடத்தில் நிற்கிற பொருள் இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கரையோரமாக ஒரு மணல் ஆறு வருஷம் முழுவதும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் குறுக்கே கல் போட்டால் ஒரு பக்கம் மேடாகும், மறுபக்கம் அரிக்கும். 2025 தொடக்கத்தில் திருச்செந்தூர்க் கோயில் முன்னால் கடல் அரித்துப் பக்தர்கள் இறங்க முடியாத அளவுக்குக் கரை வெட்டுப்பட்டபோது, அமலிநகர் வளைவுதான் காரணம் என்றும் இல்லை என்றும் இரண்டு பேச்சும் எழுந்தது. போதாததற்கு ஆறுகளும் தளர்ந்துவிட்டன. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் கடலுக்குப் போகும் வெள்ளத்தை முன்பே பிடித்துக்கொள்கின்றன. கருமேனியாறோ மழை பெய்தால்தான் ஆறு. பொழியை உள்ளிருந்து உடைத்துத் தள்ளும் வெள்ளம் இல்லாதபோது, வெளியிலிருந்து வரும் மணல்தான் ஜெயிக்கும்.

கல் போட்டுவிட்டு மணல் அள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினம் துறைமுக வாயிலில் படகு கவிழ்ந்து மீனவர்கள் பலர் செத்திருக்கிறார்கள். கேரளத்தில் முதலப்பொழியில் வாயிலைக் கடக்கும்போது இறந்தவர்களின் எண்ணிக்கை பல பத்துகளைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் அந்த வாயில் மணலால் அடைபட்டே போனது, ஊர் கொதித்தது, அதன் பிறகுதான் பெரிய தூர்வாரும் இயந்திரம் வந்தது. புயலில் நடுக்கடலில் போன உயிரென்றால் விதி என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தூர்வாராத வாசலில் போன உயிருக்கு விதியின் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை.

வேற்றுக்கரையும் நம் கல்வெட்டும்

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் விட்பி, ஸ்கார்பரோ என்று இரண்டு சின்ன ஊர்கள். வடகடல் புயலில் கப்பல்கள் ஒதுங்க இடம் தரும் துறைகள். அலைதடுப்புச் சுவர்களைப் பழுதுபார்க்க ஊர்க்காரர்களின் காசு போதவில்லை. அப்போது விட்பிக்கு 1702இலும் ஸ்கார்பரோவுக்கு 1732இலும் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நியூகாசிலிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு அந்தக் கரையோரம் போகும் கப்பல்கள் ஒரு சிறு தீர்வை கட்ட வேண்டும். இந்தத் துறையில் கால் வைக்காத கப்பலும் கட்ட வேண்டும், ஏனென்றால் புயல் வந்தால் ஒதுங்க இந்த வாசல் வேண்டும். கரிக் கப்பலின் காசில் மீன்காரன் துறை நின்றது. கடந்துபோகும் கப்பலிடம் தீர்வை வாங்குவதை 1861இல் ஒரு சட்டம் நிறுத்தியது. அதற்குள் நூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சுவர்கள் நின்றுவிட்டன. இன்றும் அந்நாட்டில் பல சின்னத் துறைகள் பங்குதாரர் இல்லாத அறக்கட்டளையாக நடக்கின்றன. மிஞ்சும் பணம் துறைக்கே திரும்ப வேண்டும் என்பது விதி. சில இடங்களில் ஏலம் போகும் மீனின் விலையில் ஒரு பங்கு, வேறிடங்களில் உல்லாசப் படகு நிறுத்தும் வாடகை, வாகனம் நிறுத்தும் கட்டணம். அங்கேயும் போதாமல் திண்டாட்டம்தான், சுவர் பழசாகிறது, கடல் உயர்கிறது. ஆனாலும் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது.

கரிக் கப்பல் என்றதும் கல்லாமொழி ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

நம் கல்வெட்டுகளிலும் இந்தப் புத்தி இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் பிரான்மலைக் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் கூட்டத்தாரும் பல பட்டினத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் சரக்கு ஒவ்வொன்றின் மேலும் தாங்களே ஒரு சிறு பகுதியை விதித்துக்கொண்டார்கள், கோயில் திருப்பணிக்காக. உப்பு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பஞ்சு, நூல், புடவை, தேன், மெழுகு, சந்தனம், அகில் என்று மூட்டைக்கும் பொதிக்கும் தனித்தனியாக விகிதம் பேசியிருக்கிறார்கள். குதிரை, யானைக்கும் விடவில்லை. ஒரு மூட்டைக்கு விழுவது ஒன்றுமில்லாத தொகை. ஆனால் சந்தை நடக்கிற வரை விழுந்துகொண்டே இருக்கும். யார் தலையிலும் பாரமாக இறங்காமல், என்றைக்கும் வற்றாமல் வருகிற பணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் நெருக்கமானவை. அங்கே ஏரி வாரியம் இருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. வைரமேகத் தடாகம் என்கிற ஏரியில் ஓடம் விட்டுத் தூர் எடுப்பதற்காகப் பொன் கொடுத்தார்கள், சபையார் அதை முதலாக வைத்து வருகிற வட்டியில் வேலை நடத்தினார்கள். பல்லவர் காலத்தில், ஒரு தூர்வாரும் படகுக்கு நிரந்தர வைப்புநிதி! முதலைத் தொடக் கூடாது, வட்டியில் வருஷாவருஷம் வண்டல் போக வேண்டும். இன்று எந்த மீன்பிடித் துறைமுகத்தின் திட்ட அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி அதுதான். கட்டும் தொகையில் ஒரு பங்கை எடுத்து வைப்பில் போட்டுவிட்டுத்தான் முதல் கல்லைக் கடலில் இறக்க வேண்டும்.

என் மனசில் இருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஏலத்தில் விழும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பைசா துறைக் கணக்குக்குப் போகட்டும். ஒரு கரையில் மாதம் ஒரு கோடி ரூபாய் மீன் ஏலம் போகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் ஒரு லட்சம், வருஷம் பன்னிரண்டு லட்சம். பொக்லைன் வாடகைக்கு அது உதவும், பெரிய தூர்வாரலுக்கு உதவாது. ஆகவே அதைப் போல் பல மடங்கை மாநில அரசு அதே கணக்கில் வருஷந்தோறும் போட வேண்டும், திட்டமாக இல்லாமல், சம்பளம் போடுவது போல. மூன்றாவதாக, இந்தக் கடலை எடுத்துக்கொள்கிறவர்கள். கரி இறங்குதளம் வந்தபோது கல்லாமொழியிலும் ஆலந்தலையிலும் மீனவர்கள் படகில் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வலை விடும் பரப்பு போகிறது, மணல் ஓட்டம் மாறும் என்பது அவர்கள் பயம். இறங்குதளம் எழுந்துவிட்டது. இறங்கும் கரியில் டன்னுக்குச் சில காசு இந்தக் கரையூர்களின் துறைக் கணக்குக்கு வந்தால், மின்கட்டணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பொழியில் தெரியும்.

மீன்காரர் தலையிலும் ஏன் ஒரு பைசா வைக்கிறாய் என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். டீசல் விலை, வலை விலை, வட்டிக்கு வாங்கிய கடனுக்காக வியாபாரிக்கே மீனைப் போட வேண்டிய கட்டாயம், இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதில் கை வைப்பது லேசான காரியமில்லை. கன்னியாகுமரிக் கரையூர்களில் பிடிப்பில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் குத்தகை என்று வாங்கிய வழக்கமும், அதை ஏலத்தில் எடுத்தவர்கள் கரையில் நின்று பிடுங்கிய கசப்பும் இன்னும் பெரியவர்களுக்கு மறக்கவில்லை. ஆனாலும் ஒரு பைசாவாவது அவர்கள் பணம் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் வருமானம் இல்லை, உரிமை. அரசுப் பணத்தில் நடக்கிற துறையில் மீன்காரர் மனு கொடுக்கிறவர். தன் பணமும் கிடக்கிற துறையில் அவர் கணக்குக் கேட்கிறவர்.

கணக்குக் கேட்கத் தெரியாத ஜனமில்லை இவர்கள். மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது தூத்துக்குடி, சென்னை, மும்பையில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் ஊர் வந்து சேருகிறார்கள். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பணம் வரவில்லை என்று எந்த வருஷமும் அங்கே சுவர் கறுத்துக் கிடந்ததில்லை. நானூறு வருஷத்துக்கு மேல், கடற்காற்று நேரே அறைகிற குன்றின் மேல், ஒரு கட்டடத்தைத் தங்கள் காசில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்று எப்படி அரிக்கும், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், யார் வீட்டில் எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு வாங்கக் கூடாது என்கிற அறிவெல்லாம் அந்த ஊரில் இருக்கிறது.

துறைக்கு அவர்கள் கேட்பது என்ன? ஏலக்கூடச் சுவரில் ஒரு பலகை. இந்த மாதம் ஏலத்தில் விழுந்தது இவ்வளவு, அரசு போட்டது இவ்வளவு, கரியில் வந்தது இவ்வளவு, பொழியில் அள்ளிய மணல் இத்தனை லோடு, அள்ளிய மணலைக் கொட்டிய இடம் இது. கடைசி வரி முக்கியம். அள்ளிய மணலை வண்டி வைத்து விற்றுவிட்டால் அடுத்த ஊர்க் கரை அரிக்கும். நீவாடு எந்தப் பக்கம் கொண்டுபோயிருக்குமோ அந்தப் பக்கத்துக் கரையிலேயே கொட்ட வேண்டும். அது எந்தப் பக்கம் என்று மணப்பாட்டில் படகு தள்ளுகிற பையனுக்கே தெரியும்.

நான் குன்றிலிருந்து இறங்கும்போது அந்தப் படகு உள்ளே வந்துவிட்டது. நாலாவது அலையில். சாளை கொஞ்சம், ஊளி நாலைந்து, ஒரு சின்னச் சீலா. எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் கரைக்கு நடந்தார். மற்ற இருவரும் படகின் அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார்கள், மணல் எங்கே உரசியது, ஃபைபர் எங்கே கீறியது என்று. ஒரு இடத்தில் கை நின்றது. வெளியே இன்னும் மூன்று படகுகள், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, தண்ணீர் ஏறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தன.